பங்களாப் படியில் நின்ற ஞானமுத்து

வைகாசி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. கம்பம்மெட்டில் ஏலக்காய் வாங்கி விற்கும் ராவுத்தர் ஒருவர், மத்தியான வெயிலில் சித்தூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சரக்கு விஷயமாகப் பாலக்காடு வரை வந்தவர், எனக்காகவே வண்டி பிடித்து இங்கே வந்திருந்தார்.

"பீர்மேட்டு கிளாக்கர் ஞானமுத்து தவறிட்டாருங்க. போன வாரமே அடக்கம் பண்ணிட்டாங்க. உங்களுக்குச் சொல்லணும்னு அவரு வீட்டம்மா கேட்டுக்கிட்டாங்க" என்றார்.

அவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். கொடுத்த தண்ணீரை அவர் கையில் வைத்துக்கொண்டே கொஞ்சம் தயங்கினார்.

"இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க. எஸ்டேட் வீட்டை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம். அந்தம்மாவுக்குப் போக இடம் கிடையாது. ரைட்டர் ஐயா வந்து துரைகிட்ட ஒரு வார்த்தை பேசுவாரான்னு கேட்டாங்க."

துரையிடம் ஒரு வார்த்தை பேசுவது. அந்த மலையில் அதற்கென்றே பிறந்த மனிதர் ஒருவர் இருந்தார். அவர் இறந்துபோன செய்தியைத்தான் ராவுத்தர் கொண்டுவந்திருந்தார். அவருடைய மனைவிக்காகப் பேசும் பொறுப்பு, துரையிடம் "எஸ் சார்" என்பதற்கு மேல் சொந்தமாக ஒரு வார்த்தை பேசியறியாத என்மேல் விழுந்தது.

ஞானமுத்து அவர்களை அறிந்தவர்கள் மலைமேல் பலர், கீழே சிலர். இருசாராருக்கும் அவரைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று அன்றே தோன்றியது. முறை வைத்துக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. ஆகவே, எழுத வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்தினேன்.

1. நாங்கள் சந்தித்தது.
2. வாண்ட், நீட் என்ற இரண்டு இங்கிலீஷ் சொற்களைப் பற்றி எங்களுக்குள் நடந்த வழக்கு.
3. பங்களாப் படியில் அவர் செய்த துபாஷி வேலை.
4. அந்த வேலையை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது.
5. அவருடைய குறைகள். இவற்றை விட்டு எழுதினால் அவரே நம்ப மாட்டார்.

இதுவரை செய்தி வந்த அன்றே எழுதியது. மற்றதை மலைக்குப் போய்த் திரும்பிய பிறகு எழுதுகிறேன்.

பாலக்காட்டில் எஃப்.ஏ. வரை படித்துவிட்டு, பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ரைட்டர் வேலைக்குப் போனேன். அப்போது பஸ் கிடையாது. மாட்டு வண்டியில் ஏறியும் இறங்கித் தள்ளியும் போய்ச் சேர்ந்து, முழங்கால் வரை சேற்றுடன் ஆபீஸ் வாசலில் நின்றேன். உள்ளே, வகிடெடுத்து வாரிய தலையும் கஞ்சி போட்ட காலருமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"யாரு?"

"ஏனுங்க, புதுசா வந்திருக்கிற ரைட்டருங்க நான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே நின்ற கங்காணியைக் கூப்பிட்டார். "லே, இங்க வந்து கேளுலே. இந்த ஐயா தனக்குத் தானே 'ங்க' போட்டுக்கிடுதாரு!"

அன்று முழுவதும் கண்டவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தார். சாயங்காலம் அவரே வெந்நீர் போட்டு எடுத்து வந்து, என் காலைக் கழுவிக்கொள்ளச் சொன்னார். அட்டை கடித்த இடங்களில் தடவச் சுண்ணாம்பும் கொடுத்தார். "ரத்தம் வருதுன்னு பயப்படாதேயும். மலை உம்ம ருசி பாத்திருக்கு" என்றார்.

அவர்தான் எஸ்டேட் கிளார்க் ஞானமுத்து, ஜனங்களுக்குக் கிளாக்கர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் மெட்ரிகுலேஷன் வரை படித்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்றேன். அவர் என்னைக் கடைசி வரை ரைட்டரே என்றார்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோவில் விட்டதும் துரை பங்களா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காருவார். லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள் முற்றத்தில் வந்து நின்று குறை சொல்லலாம். ஒழுகும் ஓடு, வராத விறகு, கங்காணியின் அடாவடி, எதுவானாலும் அங்கேதான் தீர்ப்பு. துரைக்குத் தெரிந்த தமிழ் வா, போ, சீக்கிரம் என்ற மூன்று சொற்கள். ஜனங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதைவிடக் குறைவு. வராந்தாவுக்கும் முற்றத்துக்கும் இடையில் இருந்த நடுப்படியில் ஞானமுத்து அவர்கள் நின்று, கீழிருந்து வருவதை மேலேயும் மேலிருந்து வருவதைக் கீழேயும் கொடுப்பார். நான் ஓரத்தில் நின்று துரையின் உத்தரவுகளை எழுதிக்கொள்வேன்.

அங்கே நின்று கேட்டதில்தான் எங்கள் வழக்கு பிறந்தது.

தமிழில் வேண்டும் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் காலம் தள்ளிவிடுகிறோம். வெற்றிலை வேண்டும், மருந்து வேண்டும், மழை வேண்டும். இங்கிலீஷ்காரர்கள் இதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மனம் நாடினால் வாண்ட். இல்லாவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்றால் நீட். குழந்தை மிட்டாய் கேட்பது வாண்ட், அதே குழந்தைக்குப் பால் நீட்.

இலக்கணத்திலும் இவை முழுக்க ஒன்றாக நடப்பதில்லை. இரண்டுக்கும் பின்னால் ஒரு பொருளின் பெயர் வரலாம். 'டு' சேர்ந்த வினையும் வரலாம்: ஐ வாண்ட் டு கோ, ஐ நீட் டு கோ. ஆனால் நீட்டுக்குத் துணைவினையாக நிற்கும் உரிமையும் உண்டு. யூ நீட் நாட் கோ என்றால் நீ போக வேண்டியதில்லை என்று பொருள். அந்த இடத்தில் வாண்டை வைத்தால் வாக்கியமே நிற்காது. வாண்டிடமும் ஒரு விசேஷம் இருக்கிறது. அது பெயர்ச்சொல்லாக வரும்போது பெரும்பாலும் ஆசையை விட்டுவிட்டு இல்லாமையைக் குறிக்கும். ஃபார் வாண்ட் ஆஃப் வாட்டர் என்றால் தண்ணீர் இல்லாததால் என்று அர்த்தம். உயிரில்லாத பொருள்களோடும் அது சேரும். தி ரூஃப் வாண்ட்ஸ் மெண்டிங் என்பார்கள். கூரையைச் செப்பனிட வேண்டியிருக்கிறது என்பதை அப்படிச் சொல்வது அவர்கள் வழக்கம்.

இதை ஒரு மழை நாளில் ஆபீஸில் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். தெரியாதவருக்குச் சொல்லுகிறவன் போல நான் சொன்னேன். அவருக்கு இவையெல்லாம் தெரியும்.

"கூரைக்கு ஆசை உண்டா வே?" என்றார்.

"அது ஒரு வழக்கு அண்ணா. அதுல ஆசை ஒண்ணும் இல்லீங்க."

"கூரைக்கே தாராளமா ஒரு சொல்லு குடுத்திருக்கான். சரி, ஒருத்தி வந்து கம்பளி வேணும்ங்கா. நீரு என்ன சொல்லுவீரு?"

"ஷீ வாண்ட்ஸ் எ பிளாங்கெட்னு சொல்லுவனுங்க."

"நான் நீட்ஸ்னு சொல்லுவேன்."

"அது நம்ம தீர்ப்பாயிருமுங்களே. அவ கேட்டாங்கிறது மட்டுந்தான் நமக்குத் தெரியும். அவசியமா இல்லையான்னு துரையல்ல முடிவு பண்ணோணும்?"

"துரை கணப்புப் பக்கத்துல உக்காந்திருக்காரு. இவ நனைஞ்சிக்கிட்டு நிக்கா. குளிரு எப்படின்னு யாருட்ட கேக்கணும்? சொல்லும்."

நான் புத்தகத்தில் இருந்த உதாரணங்களை எடுத்துக் காட்டினேன். அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, டீ வந்ததும் டம்ளரை என் முன்னால் நீட்டினார். "ரைட்டரே, இது உமக்கு வாண்டா, நீடா?"

"ரெண்டும் இல்லீங்க. குடுத்தாக் குடிப்பேன்."

"அதுக்கு இங்கிலீஷ்காரன்கிட்டச் சொல்லு கிடையாது, போம் வே!"

இந்த வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. அவர் ஒருநாளும் நீட்டை விடவில்லை, நான் ஒருநாளும் வாண்டை விடவில்லை. சொன்னதைச் சொன்னபடி கொடுப்பதே துபாஷியின் தர்மம் என்பது என் கட்சி. இன்றைக்கும் அதில் பாதியாவது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் எதிர்க்கட்சி ஆள் இல்லாத இடத்தில் நின்று என் கட்சியை மட்டும் எழுதுவது நியாயமாகப் படவில்லை. அவர் இருந்திருந்தால் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஏதாவது எழுதியிருப்பார்.

பிறகு வேறு ஒரு துரை வந்தார். இவர் முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். பேச வராது, மலைத் தமிழ் முழுக்கப் புரியவும் புரியாது. ஆனால் பேச்சு நீளமா குட்டையா என்பதைக் கவனிக்கத் தெரிந்தவர். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து எடுக்கும் பேச்சி என்ற பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு முற்றத்தில் வந்து நின்றாள்.

"கம்பளி வேணும் சாமி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஞானமுத்து அவர்கள் துரை பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினார். வரப்போகும் மழையைச் சொன்னார். போன மழையில் லயம் லயமாகப் பெண்கள் காய்ச்சலில் படுத்ததைச் சொன்னார். எடுக்க ஆளில்லாமல் கொழுந்து செடியிலேயே முற்றிப்போனதைச் சொன்னார். ஒரு கம்பளி இருந்தால் தாயும் பிள்ளையும் தப்புவார்கள், கொழுந்தும் தப்பும் என்றார். நல்ல இங்கிலீஷ். அந்த மாதிரிப் பேச எனக்கு வராது.

துரை நாற்காலியில் சாய்ந்தார். "அவள் மூன்று சொல் சொன்னாள். தமிழ் அவ்வளவு சுருக்கமான பாஷையா?" என்று கேட்டார்.

"மீதியை அவள் தோளால் சொன்னாள், சார்" என்றார் ஞானமுத்து.

துரை சிரிக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். அடுத்த ஞாயிறு முதல் நீ நில், உள்ளதை உள்ளபடி சொல்கிறவன்தான் எனக்குத் தேவை என்றார். நான் "எஸ் சார்" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவரே நல்ல துபாஷி, அவருக்கு இன்னொரு தடவை இடம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். இந்த வாக்கியங்களையெல்லாம் பிழையில்லாத இங்கிலீஷில் என் வீட்டுக்குப் போன பிறகு அமைத்துப் பார்த்தேன்.

ஞானமுத்து அவர்களைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவரே என்னைத் தேடி வந்தார். எப்படி முகத்தைப் பார்ப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு நீராம்லா? நல்லா நில்லும். நடுப்படியில ஒரு கல்லு ஆடும், வலது காலை ஊனி நில்லும்" என்றார். பிறகு வழக்கம்போல் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

என் முதல் ஞாயிறுகள் மோசமாகப் போயின. பேச்சி மறுபடியும் வந்து கம்பளி வேணும் என்றாள். ஷீ வாண்ட்ஸ் எ பிளாங்கெட் என்றேன். "எல்லாருக்கும்தான் கம்பளி பிடிக்கும்" என்று சொல்லி துரை அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்கு, "இப்ப இல்லையாம்" என்று மொழிபெயர்த்தேன். உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன்.

ஆனால் மழை இறங்கும் முன்பே நிலைமை மாறியது. ஜனங்கள் பேசும் விதம் மாறியது. வந்ததும் வராததுமாகக் கேட்பதை விட்டார்கள். ஓடு ஒழுகுகிறது, பிள்ளை இருமுகிறது, பிள்ளை இருமினால் தாய்க்குத் தூக்கமில்லை, தூக்கமில்லாதவள் கை கொழுந்தில் ஓடாது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார்கள். கேட்பதைக் கடைசியில் வைத்தார்கள், அல்லது வைக்காமலே நின்றார்கள். நான் ஒரு சொல்லைக்கூட விடாமல் துரையிடம் கொடுத்தேன். துரை தாமாகவே, "அதற்கு என்ன செய்ய வேண்டும் என்கிறார்கள்?" என்று கேட்பார். கம்பளி வந்தது. ஓடு மாற்றினார்கள். குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போக ஒரு பிள்ளைப்புரை கட்டினார்கள்.

துரை ஒருநாள் என் தோளைத் தட்டினார். "நீ வந்த பிறகுதான் இவர்கள் அறிவோடு பேசுகிறார்கள்" என்றார். நான் அதை நம்பினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நம்பினேன். நேர்மையான துபாஷி ஒருவன் கிடைத்ததும் ஜனங்களுக்கும் நிதானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதை ஞானமுத்து அவர்களிடமே சொன்னேன்.

"ஆமா ரைட்டரே. உம்ம நாக்கு ராசியான நாக்கு" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் நிறுவைக் கொட்டகையிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் வரும். யாரோ நாய் போலக் குரைப்பதும் கேட்கும். இடம் போன ஏமாற்றத்தில் மனிதர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கூத்தடிக்கிறார் என்று நினைத்தேன். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்றும் நினைத்தேன். அதனால் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

வேலையை விட்டுச் சித்தூர் வந்த பிறகு அவரைப் பார்க்க நான் போகவே இல்லை. அவர் வேலையை விடவில்லை, தராசடியிலேயே இருந்தார். நான் பஸ் ஏறிய நாளில், "மழைக்கு முந்தி ஒரு நடை வாரும்" என்றார். வருகிறேன் என்றேன். எத்தனையோ மழை போய்விட்டது. போகாததற்கு உடம்பு, தூரம் என்று காரணங்கள் வைத்திருந்தேன். உண்மையில் எனக்கு அவர் முன்னால் உட்கார்ந்து டீ குடிக்க முடியவில்லை.

ராவுத்தர் வந்து சொன்னதும் புறப்பட்டேன். ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி, சனிக்கிழமை பிற்பகலில் போய்ச் சேர்ந்தேன். அவருடைய மனைவி ரூத்தம்மாள் வாசலுக்கு வந்தார். எட்டு ஊருக்குக் கேட்கப் பேசியவரின் வீட்டில் அந்த அம்மாள் எப்போதும் பேச்சுக் குறைந்தவர். குழந்தைகள் இல்லாதவர். பிள்ளைப்புரை கட்டிய நாள்முதல், யாரும் கேட்காமலே தினமும் அங்கே போய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்.

வேலை விட்டு வந்த பெண்கள் கூடையோடு அங்கே உட்கார்ந்திருந்தார்கள். தலை நரைத்த ஒருத்தி என்னைப் பார்த்து எழுந்தாள். அது பேச்சி.

"வாங்க ரைட்டரய்யா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

நான் பையைக் கீழே வைத்தேன்.

"சரி, உக்காருங்க. நாளைக்கு துரைட்ட என்ன பேசப் போறீக? சொல்லிக் காட்டுங்க பாப்பம்."

இப்போது இருப்பவர் வேறு துரை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் அப்படியே இருந்தது. "ரூத்தம்மாளுக்கு இந்த வீடு வேணும்னு சொல்லப் போறேன்" என்றேன்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்ய, எடுத்த எடுப்புலயேவா?" என்றாள் பேச்சி. "இப்படிச் சொன்னா கிளாக்கரய்யா கூடையத் தூக்கிட்டு வெளிய போன்னுருப்பாக. இத்தன வருசம் படியில நின்னீகளே, ஒண்ணும் படிக்கலியா?"

"கிளாக்கர் எங்க வந்தாரு இதுல?"

அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள். நான் படியில் ஏறிய பிறகு, ஒவ்வொரு சனிக்கிழமையும் கொழுந்து நிறுத்து முடிந்ததும், மறுநாள் பேச வேண்டியவர்கள் கொட்டகையிலேயே தங்கிவிடுவார்களாம். ஞானமுத்து அவர்கள் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் துரையாக உட்காருவார். ஒருவன் துரையின் நாயாகக் குரைப்பான். பேச வேண்டியவள் முன்னால் வந்து நின்று பேச வேண்டும். சரியில்லை என்றால் துரையாகவே திட்டி அனுப்புவார். மறுபடியும் வந்து நிற்க வேண்டும்.

"'வேணும்ங்கிறத வாசல்லயே வைக்காத'ம்பாக" என்றாள் பேச்சி. "'மொதல்ல மழையச் சொல்லு, பொறவு பிள்ளையச் சொல்லு, பொறவு கொழுந்தச் சொல்லு. அவன் வாயாலயே கேக்க வையி. ரைட்டரு வழியில ஒரு சொல்லு சிந்த மாட்டாரு. அதனால பேச்சு மூட்டைய நம்மதான் ஒழுங்காக் கட்டணும்'னு சொல்லுவாக. நீங்க போன பொறவு வந்த ஆளுக்கும் அப்படித்தான். சாகதுக்கு முந்தின சனிக்கெழம கூட தராசப் புடிச்சிக்கிட்டு நின்னு சொல்லிக் குடுத்தாக."

"எங்கிட்ட ஏனுங்க ஒருத்தரும் சொல்லலை?"

"சொன்னா நீங்க அதையும் துரைட்டச் சொல்லிருப்பீகளே!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ரூத்தம்மாள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நானும் சிரித்திருப்பேன். ஆனால் பேச்சி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லித்தான் இருப்பேன். "எஸ் சார்" என்று தொடங்கி, ஒரு சொல்லைச் சிந்தாமல் சொல்லியிருப்பேன். கொட்டகை நின்றுபோயிருக்கும்.

துரை தட்டிய தோள் என்னுடையது. பாராட்டு கேட்ட காது என்னுடையது. ராசியான நாக்கு என்று அவர் சொன்னபோது, அடக்கமாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் புன்னகை செய்த வாயும் என்னுடையதுதான். அவர் ஒரு தடவையாவது, ஒரு கோபத்திலாவது, எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெருமைக்காரர் என்று அவரைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியை விட்டுப் பிரியாதவர், தம் இங்கிலீஷைத் தாமே புகழ்ந்துகொள்பவர், கோவிலில் சுருதி சேராமல் உரக்கப் பாடுபவர், நடந்ததைவிட அதிகமாகச் சொல்பவர். ஐந்தாவதாக நான் எழுத நினைத்த குறைகள் இவைதான். இவ்வளவு பெருமைக்காரர் இந்த ஒன்றை மட்டும் எப்படி வாயைத் திறக்காமல் வைத்திருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் எனக்கும் பேச்சைக் கட்டிக் கொடுத்தார்கள். பேச்சி கூடையைக் கவிழ்த்துத் துரையாக உட்கார்ந்தாள். நான் இரண்டு தடவை திட்டு வாங்கி, மூன்றாவது தடவை தேறினேன்.

மறுநாள் நடுப்படியில் நின்றேன். ரூத்தம்மாளும் பெண்களும் முற்றத்தில் நின்றார்கள். கட்டிக் கொடுத்ததை அப்படியே இங்கிலீஷில் கொடுத்தேன். மழை வருகிறது. பிள்ளைப்புரையில் குழந்தைகள் இருக்கின்றன. குழந்தை அழுதால் தாய் செடியை விட்டு ஓடிவருவாள். இத்தனை வருஷம் அப்படி ஓடிவராததற்குக் காரணம் இந்த அம்மாள். இவர் மாதக் கடைசியில் மலையிறங்கிவிட்டால் கொழுந்து எடுக்கிறவர்கள் கூடையை வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்க வேண்டியிருக்கும்.

துரை கேட்டுக்கொண்டார். பிறகு, எங்கள் ஒத்திகையில் வராத ஒரு கேள்வி கேட்டார். "இவர்கள் சொல்வது சரி. அந்த அம்மாள் என்ன சொல்கிறாள்?"

நான் திரும்பி ரூத்தம்மாளிடம் கேட்டேன். அவர் உதடு அசைந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

நான் துரை பக்கம் திரும்பினேன். நேரே நின்று பேசினேன். தம் கணவர் இந்த எஸ்டேட்டில் உழைத்துத் தேய்ந்தவர் என்று இந்த அம்மாள் சொல்கிறார் என்றேன். திருநெல்வேலியில் தமக்கு இப்போது ஒருவரும் இல்லை என்கிறார். இங்கே பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் கையில் ஏந்தியிருப்பதாகச் சொல்கிறார். கணவரின் கல்லறை தம் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டு அடுப்பு மூட்ட விரும்புகிறார். அந்த வீடு அவருக்குத் தேவை. இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

இதில் ஒரு சொல்லையும் அந்த அம்மாள் சொல்லவில்லை.

"இவ்வளவும் அவள் சொன்னாளா?" என்று துரை கேட்டார்.

"எஸ் சார்" என்றேன்.

துரை பிள்ளைப்புரைப் பொறுப்பை அந்த அம்மாள் பெயரில் எழுதச் சொன்னார். அந்த வேலையில் இருக்கும்வரை வீட்டிலும் இருக்கலாம் என்றார். நான் அதைத் தமிழில் கொடுத்தேன். பேச்சி சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னாள். அவள் இந்துப் பெண், ஆனால் அந்த மலையில் அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

இறங்கி வரும் வழியில் ரூத்தம்மாள், "அண்ணே, நான் வாயத் தொறக்கவே இல்லியே. அவ்வளவு நேரம் என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்லீங்கம்மா" என்றேன்.

புறப்படும் முன்பு சமையலறை ஜன்னலில் போய்ப் பார்த்தேன். கல்லறை தெரியவில்லை. தேயிலைச் செடிகளும் ஒரு சவுக்கு மரமும் மறைத்திருந்தன. பிறகு, பெண்கள் வழிகாட்ட அந்த இடத்துக்கே நடந்து போனேன். இன்னும் கல்லறைக் கல் நடவில்லை. புது மண்ணின்மேல் யாரோ கொழுந்துக் கூடையின் பழைய மூடி ஒன்றைக் கவிழ்த்து, காற்று தூக்காமல் கல் வைத்திருந்தார்கள். முதல் மழை மண்ணைக் கரைத்துவிடாமல் இருப்பதற்காம். தூறல் விழத் தொடங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். போய் வாருங்கள் அண்ணா, நான் வரத் தாமதித்துவிட்டேன் என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

மேலே வரிசைப்படுத்தி எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். நான்காவதாக எழுதியிருப்பது தவறு. அவருடைய வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. என்னால் எடுத்துக்கொள்ளவும் முடிந்திருக்காது. சாவதற்கு முந்திய சனிக்கிழமை வரை அந்த வேலையை அவரே செய்தார். நான் படியில் நின்றேன், அவ்வளவுதான். இது தெரிந்தபின் மனம் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. எடுத்துக்கொண்டேன் என்று நினைத்திருந்த காலமே எனக்கு எளிதாக இருந்தது.